தோலிடம் கேட்டவர்

ஊசியைக் கையில் எடுத்துவிட்டால் டாக்டர்கள் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். நர்ஸாக இருந்த காலம் முழுக்க அப்படிப்பட்டவர்களோடுதான் குப்பை கொட்டினேன். இவர் ஒருவர்தான் எடுத்த ஊசியைத் திரும்பத் தட்டிலேயே வைப்பார். எதிரே இருப்பவர் சட்டையைக் கழற்றி, பல்லைக் கடித்து, கண்ணையும் இறுக மூடிக்கொண்ட பிறகு, "இருங்க, உங்க தோலைக் கொஞ்சம் கேட்டுக்கறேன்" என்பார். கண்ணை மூடியவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

வலங்கைமானுக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி அது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. எங்கள் குடும்பம் லுத்தரன் சபை, அப்பா அரிசி மில்லில் ஃபிட்டர். நர்ஸ் படிப்பு முடித்ததும் என்னை அங்கே சேர்த்துவிட்டார்கள். இவர் எனக்குப் பிறகு வந்தார். சொந்த ஊர் தரங்கம்பாடிப் பக்கம் என்று சமையல்காரர் சொன்னார், நாகூர் என்று வாட்ச்மேன் சத்தியம் செய்தார். அவராக எதையும் சொன்னதில்லை. கேட்பதற்கு மட்டும் அலுக்கவே மாட்டார்.

வெள்ளிக்கிழமை தோல் வியாதிக்காரர்களின் நாள். சொறி, கரப்பான், வெண்படை, செதில் செதிலாக உதிரும் படை எல்லாம் வரும். இவர் ஒவ்வொருவர் கையையும் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, உறை மாட்டாத உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பார். வந்தவர் மிராசுதாரோ பண்ணையாளோ, எல்லாருக்கும் 'வாங்க', 'சொல்லுங்க'தான். பண்ணையாளை 'வாங்க' போட்டுப் பேசுவது அன்றைக்குப் பெரிய குற்றம். பெரிய பண்ணை ஒருநாள் என்னைக் கூப்பிட்டே கேட்டார், "ஏம்மா, உங்க டாக்டருக்கு ஆளு தராதரம் தெரியாதா?" என்று. நான் போய் அவரிடம் சொன்னேன். "தோலுக்குத் தெரியலியே சிஸ்டர்" என்றார்.

'சிஸ்டர்' என்றுதான் என்னைக் கூப்பிடுவார். நர்ஸை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆனாலும் எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும்.

எனக்கும் படை உண்டு. பத்தொன்பது வயதில் முழங்கையில் ஆரம்பித்தது, பிறகு தலையில். முழுக்கைச் சட்டையும் நர்ஸ் தொப்பியும் எனக்கு ஆண்டவர் கொடுத்த கிருபை. வெளியே தெரிந்தால் குஷ்டம் என்று சொல்லிவிடுவார்கள், அப்புறம் யார் என் கையால் மாத்திரை வாங்குவார்கள்? அவர் வந்த புதிதில் ஒருநாள் கொதிநீர்ப் பாத்திரத்தைத் தூக்கும்போது என் கை மேலேறிவிட்டது. பார்த்துவிட்டார். பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு, "காட்டுங்க" என்றார். நான் முறைத்தேன். "வலிக்குதா, அரிக்குதா?" என்று கேட்டபடியே அந்தச் செதில்மேல் உள்ளங்கையை வைத்தார். அதுவரை என் அம்மாவைத் தவிர யாரும் அந்த இடத்தைத் தொட்டதில்லை, அம்மாவும் எண்ணெய் தடவத்தான் தொடுவாள். இத்தனை வயதுக்குப் பிறகு எனக்கு என்ன வெட்கம்? அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

'தோலைக் கேட்பது' என்று அவர் சொன்னதை விளக்கிவிட வேண்டும். எங்கள் பக்கம் மழைக்காலம் வந்தால் காலராவும் கூடவே வரும். அதற்கான தடுப்பூசியை இரண்டு விதமாகப் போடலாம். ஆழமாகப் போட்டால் மருந்து நிறையப் போகும், கை வீங்கும், காய்ச்சலில் இரண்டு மூன்று நாள் படுக்க வைத்துவிடும். தோலுக்குள்ளேயே போட்டால் துளி மருந்து போதும், காய்ச்சலும் பெரிதாக வராது. நல்ல தோலுக்கு இரண்டாவது வழி சௌகரியம். ஆனால் எங்களைப் போன்ற படைக்காரர்களில் சிலருக்குத் தோலில் எங்கே காயம் பட்டாலும் அந்த இடத்தில் புதுப் படை கிளம்பும். யாருக்குக் கிளம்பும், யாருக்குக் கிளம்பாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் அவர் காய்ச்சிய வெற்று ஊசியால், ரத்தம் வராமல், முன்கையின் உள்பக்கம் ஒரு சின்னக் கோடு கீறுவார். "இந்த வெள்ளி விட்டு, அடுத்த வெள்ளியும் விட்டு, அதுக்கடுத்த வெள்ளி வாங்க." கோட்டின்மேல் படை வந்தால் ஊசி ஆழத்தில், மருந்து தோலில் தங்காமல் உள்ளே போய்விடும். வராவிட்டால் தோலில்.

சுற்று வட்டாரத்தில் அவருக்குக் 'கீறல் டாக்டர்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

பங்குனியில் வலங்கைமான் பாடைத் திருவிழாவுக்குக் கூட்டம் தாங்காது. ஒரு வருஷம் சர்க்காரிலிருந்து ஒரு மிஷினைக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும், ஊசியே கிடையாது, தோளில் அழுத்தினால் மருந்து காற்றோடு பீய்ச்சிக்கொண்டு உள்ளே போகும். ஒரு மணி நேரத்தில் ஊரையே முடித்துவிடலாம் என்றார்கள். கூலித் தகராறில் போலீஸ் துப்பாக்கியைக் கண்ட ஜனங்கள் அதைப் பார்த்ததும் பாதிப் பேர் கரும்புக் கடைப் பக்கம் ஓட்டம் பிடித்தார்கள். நின்ற வரிசையில் இவர் புகுந்து, கையில் படை இருப்பவர்களையெல்லாம் தோளைத் தொட்டு வெளியே இழுத்தார். சர்க்கார் அதிகாரி கத்தினார். இவர் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார், "அந்தத் துப்பாக்கிக்குக் கண்ணு இல்ல சிஸ்டர்." அதிகாரி அன்றைக்கே இவரைக் குறித்து வைத்துக்கொண்டார் என்பது பிறகு தெரிந்தது.

ஆட்சி மாறி சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். கடைத்தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி, தொழிலாளர் தெருவில் செங்கொடி. கீழத்தஞ்சையில் குடிசைகளோடு ஆட்கள் எரிந்துபோன சேதி யார் மனதிலும் ஆறவில்லை. அந்தக் குறுவையில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்கவில்லை. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. கடைசியில் தாசில்தார் நடுவில் உட்கார்ந்து ஒரு பேச்சு முடிந்து, அறுப்பு ஆரம்பிக்கப் போகிற சமயம். ஐப்பசி மழைக்கு முன்னால் தொழிலாளர் தெருவில் காலரா ஊசி போட்டுவிட வேண்டும் என்று இவர் துடித்தார்.

முதலில் பெரிய பண்ணையைப் பார்க்கப் போனோம். "அறுப்பு முடியட்டும் டாக்டர். இப்ப ஊசியப் போட்டு ஆளுங்களப் படுக்க வெச்சுட்டா வயல்ல யாரு எறங்குவா?" என்றார் அவர். தெருவுக்குப் போனால் சங்கத்துக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ஊசியப் போட்டு எங்களப் படுக்க வெச்சுட்டு வெளியூர் ஆள எறக்கலாம்னு பண்ணை பாக்குது. அதுக்கு நீங்களும் உடந்தையா டாக்டரய்யா?"

திரும்பி வரும்போது இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சிரித்தார். "ரெண்டு பேரும் ஒத்துப்போற மொத விஷயம் இதுதான் சிஸ்டர்."

பிறகு ஒரு காரியம் செய்தார். தன் வலது கையில் தோலுக்குள் போடச் சொன்னார். போட்டேன். மறுநாள் தெருவுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி, துவரம்பருப்பு அளவுக்கு இருந்த தடிப்பைக் காட்டி, ஒருவரிடம் கருக்கரிவாளை வாங்கி வரப்போரத்தில் புல் அறுத்தார். அறுக்கத் தெரியவில்லை, பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து இடது கையில் ஆழமாகப் போடச் சொன்னார். அடுத்த நாள் காய்ச்சலோடு போர்வை போர்த்திக்கொண்டு அதே தெருவில் போய் உட்கார்ந்தார். "இந்தக் கையால அரிவா புடிக்க முடியாதுங்க. அந்தக் கையால புடிச்சேன், நீங்களே பாத்தீங்க. உங்களுக்கு அந்தக் கை ஊசிதான்." சங்கத்துக்காரர் வெகுநேரம் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் கையை நீட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை தெருவிலேயே வைத்து ஊசி போட்டோம், வரிசையில் பாக்கியமும் வந்தாள். அறுப்பில் அவளுக்கு ஈடு கிடையாது, அரிவாள் போகிற வேகத்துக்கு ஆண்களே பின்தங்குவார்கள். முழங்கை, முழங்கால், கணுக்கால் எங்கும் படை. இவர் எடுத்த ஊசியைத் தட்டில் வைத்தார்.

"எல்லாருக்கும் போடுறீங்க, எனக்கு மட்டும் என்ன? எந் தோலு தொட்டா ஒட்டிக்குமா?" என்றாள் அவள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது, என் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டேன். "எனக்கும் இருக்கு பாக்கியம். பாரு." அவ்வளவு பேருக்கு முன்னால் அதற்கு முன் நான் கை காட்டியதில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

"ஒட்டாதுங்க" என்றார் அவளிடம். "தோல்ல குத்தினா உங்களுக்குப் படை பரவலாம், பரவாமலும் இருக்கலாம். ஆழமாப் போட்டா பரவாது. ஆனா மூணு நாள் கையைத் தூக்க முடியாது. இப்பவே ஆழமாப் போட்டுக்கறீங்களா?"

"நாளைக்கு அறுப்புங்க. அத விட்டா அப்புறம் ஒலையில என்ன போடுறது?"

"அப்ப உங்க தோலைக் கேப்போம்."

"கேளுங்க. அது என்ன சொல்லுதுன்னு நானுந்தான் தெரிஞ்சுக்கறேன்" என்று சிரித்தாள். நானும் கையை நீட்டினேன். ஆளுக்கொரு புது ஊசியால், ஒரே நிமிஷத்தில், அவள் கையிலும் என் கையிலும் ஒரே அளவில் கோடு கீறினார். பாக்கியம் என் கையையும் தன் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "நர்சம்மாவுக்கும் எனக்கும் ஒரே சூடு" என்றாள். சூடு போடுவது மாடுகளுக்கு. தெருவே சிரித்தது, இவரும் சிரித்தார்.

மழை சொல்லிக்கொண்டா வரும்? அறுப்பு பாதியில் இருக்கும்போதே பிடித்துக்கொண்டது. வாய்க்கால் கரை உடைந்து தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது, கிணறும் குட்டையும் ஒன்றாயின. தெருவின் வட கோடியில் முதல் வீட்டில் பேதி கண்டது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலானவர்கள் தப்பினார்கள், சிலர் தப்பவில்லை. அந்த ஊசி எல்லாரையும் காப்பாற்றாது என்று அவரே முன்பு சொல்லியிருக்கிறார்.

பாக்கியத்தைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். கண் உள்ளே போய், குரல் அடைத்து, விரல்நுனியெல்லாம் வெளுத்திருந்தது. சலைன் ஏற்ற நரம்பு அகப்படவில்லை, அகப்பட்டபோது நேரம் கடந்துவிட்டது. உச்சிவேளைக்குள் முடிந்துபோயிற்று. இவர் அவள் கையை எப்போதும்போல ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். கோடு மெல்லிய தழும்பாகத் தெரிந்தது. அதன்மேல் ஒன்றுமே இல்லை.

"சுத்தமா இருக்கு சிஸ்டர்" என்றார். "அன்னிக்கே தோல்ல போட்டிருக்கலாம்."

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். அதுவும் சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே மீதியிருந்த படைக்காரர்கள் எல்லாருக்கும் ஆழத்தில் போட்டார். யாருடைய கையையும் தொட்டுப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் அப்படித்தான். சட்டையை நான் சுருட்டுவதற்குள் குத்திவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். "டாக்டர், கோடு பாக்கலியே" என்றேன். "இனிமே எந்தக் கையையும் கேக்கறதா இல்ல" என்றார். 'சிஸ்டர்' என்றுகூடச் சொல்லவில்லை. அந்த வார்த்தைக்காக நான் ஏங்குவேன் என்று அதற்கு முந்தின நாள்வரை யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சர்க்கார் குழு வேன்களில் வந்து இறங்கியது. திருவிழாவில் கத்திய அதே அதிகாரி. மிஷன் டாக்டர் ஊசியைத் தாமதம் செய்தார் என்று மேலே புகார் போயிற்று. திருச்சியிலிருந்த மிஷன் தலைமை ஆஸ்பத்திரிக்கு உடனே வரச் சொல்லி இவருக்கு உத்தரவு வந்தது. ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றார். பாக்கியத்தின் புருஷன் சேற்றுக் காலோடு ஓடி வந்தான்.

"அறுப்புக்குப் போவணும்னு அவதாங்க ஒத்தக் கால்ல நின்னா. ஒங்க மேல எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க."

இவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். என் பக்கம் தலையை அசைத்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? அப்போது என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது அடுத்த சில நாளில் வந்தது. அவர் வரச்சொல்லிக் கெடு வைத்த அந்த வெள்ளிக்கிழமை காலையில் முன்கை அரித்தது. பார்த்தால் கீறிய கோடு நெடுகிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. இரண்டு நாளில் அதன்மேல் வெள்ளைச் செதில் கட்டிவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. படை வந்ததற்கு ஆடியவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரே நாளில் கீறியது எங்கள் இரண்டு பேருக்கும். பாக்கியம் போன அன்று என் கையும் அவள் கை மாதிரிதான் சுத்தமாக இருந்தது. அப்படியானால் அந்தச் சுத்தத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அவள் இருந்திருந்தால் அவளுக்கும் இந்த வெள்ளி கிளம்பியிருக்கலாம். தோல் பதில் சொல்வதற்கு முன்னால் அவர் அதன் வாயைப் பார்த்துவிட்டு, தான் செய்தது தப்பு என்று முடிவு கட்டிக்கொண்டு போய்விட்டார்.

லீவு சொல்லிவிட்டுத் திருச்சிக்குப் பஸ் ஏறினேன். கும்பகோணம் தாண்டும்போதும் தஞ்சாவூர் தாண்டும்போதும் சட்டைக் கையை விலக்கிப் பார்த்துக்கொண்டேன், கோடு எங்கே போய்விடப் போகிறது! தலைமை ஆஸ்பத்திரியில் விசாரித்தால், அவர் வந்த மறுநாளே வேலையை விட்டுவிட்டு வடக்கே போய்விட்டார் என்றார்கள். வடக்கே என்றால் எங்கே? யாருக்கும் தெரியவில்லை. அங்கே ஒரு வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பிறகு ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கும்பகோணத்தில் கம்பவுண்டர், தங்கமான மனுஷர். அவரிடம் எதையும் மறைக்கவில்லை. "ஒங் கையில ஒருத்தர் கோடு போட்டுட்டுப் போயிட்டார், நான் எங்க போடுறது?" என்று கிண்டல் செய்வார். உடம்பில் மற்றப் படையெல்லாம் வெயிலுக்குக் குறையும், பனிக்குக் கூடும். இந்தக் கோடு மட்டும் அசையவே இல்லை. வடக்கேயிருந்து யாராவது டாக்டர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்று கேள்விப்பட்டால் போய் விசாரிப்பேன். ரயிலில் நரைத்த தலை ஒன்று யாருடைய கையையாவது வெளிச்சத்துக்குத் திருப்பினால் எழுந்து கிட்டப் போவேன். பார்த்தால் கைரேகை பார்ப்பவராக இருப்பார்.

கம்பவுண்டரும் போய்விட்டார். போன வருஷம் விரல் மூட்டெல்லாம் வீங்கி, காபி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் ஆயிற்று. தஞ்சாவூரில் ஒரு சின்னப் பெண், தோல் டாக்டர். "உங்க உடம்போட எதிர்ப்புச் சக்திதாம்மா உங்க தோலையும் மூட்டையும் தாக்குது. அத அடக்க புது ஊசி வந்திருக்கு. அதுக்கு முன்னாடி சளிக்காய்ச்சல், நிமோனியாவுக்கெல்லாம் தடுப்பூசி போட்டுரணும்" என்றாள்.

"தோல்லயா, ஆழத்துலயா?"

"தசையிலம்மா. ஏன் கேக்குறீங்க?"

"தோல்ல குத்தினா எனக்குப் படை வரும்."

"எப்படித் தெரியும்?" என்றாள். சட்டையை விலக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்தாள், புருவம் உயர்ந்தது. "நேரா ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கே! யாரோ டெஸ்ட் பண்ணியிருக்காங்க. அந்தக் காலத்துலயே இப்படிப் பாத்து, காத்திருந்து செய்ற டாக்டர் இங்க இருந்தாரா? கரெக்டா செஞ்சிருக்கார்மா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்க வேண்டியவர் அங்கே இல்லை. சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டேன். புது ஊசியைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். விரல் வலி ஜெயித்தது.

மருந்து என்றால் அது மருந்து. விரல் மடங்கியது, தலை சுத்தமாயிற்று, முழங்கை பச்சைக் குழந்தையின் முழங்கைபோல ஆயிற்று. அரைக்கைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டேன், இந்த வயதில். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் கையைத் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். கோட்டின் செதில் முதலில் போயிற்று, பிறகு தடிப்பு, பிறகு சிவப்பு. போன வெள்ளிக்கிழமை ஜன்னல் பக்கம் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சுத்தமாக இருக்கிறது. இனி அவரே நேரில் வந்து, "சிஸ்டர், காட்டுங்க" என்றாலும், அவர் செய்தது சரி என்று காட்ட என் கையில் ஒன்றும் இல்லை.